கையெழுத்துப் போட்டவர்கள்

சோமனூர் ஜெராக்ஸ் கடையில்
நின்றுகொண்டே எழுதினேன் சம்மதக் கடிதத்தை.
"என் கணவர் சிங்கராயர் திருத்தொண்டராக
எனக்கு முழு மனச் சம்மதம்."
முழு என்ற இடத்தில் மை தீர்ந்தது.
கடைப்பையனிடம் வேறு பேனா வாங்கி
அதன் மேலேயே இழுத்தேன்.
ஆயரில்லக் கோப்பில் அந்த ஒரு சொல் மட்டும்
இன்னும் தடித்துக் கிடக்கும்.

நான் முந்திப் போனால் அவருக்கு மறுமணம் இல்லை,
அதுவும் விதி என்றார்கள்.
"அப்ப என்னைப் பத்திரமா வெச்சுக்கச் சொல்லுங்க" என்றேன்.
ஆயர் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை.

திருநிலைப்பாட்டன்று அவர் அங்கியைத் தட்டில் ஏந்தி
பீடத்தின் படிவரை போனேன்.
படியில் வாங்கிக்கொண்டார்கள்.
அதிலிருந்து இரண்டாம் பெஞ்சில்
என் பக்கத்தில் என் கைப்பைதான்.

"ஏனுங், சாமியாருக்கே பொண்டாட்டியாமா,
அது நீங்கதானுங்களா?"
பக்கத்துக் குடோனில் தார் சுற்றும் ரங்கநாயகி கேட்டாள்.
விளக்கி முடிக்க அரைநாள் ஆனது.
"செரி, பாதிச் சாமிங்க" என்று முடித்துவிட்டு
நூலுக்குத் திரும்பினாள்.

இரண்டாம் சனிக்கிழமை நால்வர் கூடுகிறோம்.
பொள்ளாச்சித் தெக்ளா, சத்தியமங்கலத்து ஒடிலியா,
திருப்பூரில் செக்கிங் சூப்பர்வைசராக இருக்கும் பெர்னதெத், நான்.
முதல் மாதம் ஒரு சிஸ்டர் வந்து
துணைவியருக்கான ஆறு கேள்விகளை
அச்சடித்துக் கொடுத்துப் போனார்.
அந்தத் தாளின் மேல்தான் சுடுபாத்திரம் இறக்குகிறோம்.

எப்போதும் என் வீட்டில்தான்.
சுவருக்கு அப்பால் பதினாறு தறி.
யார் அழுதாலும் தெருவுக்குக் கேட்காது.
கத்தித்தான் ரகசியம் பேச வேண்டும்.

"மறையுரையில என்னைய இழுத்துட்டாருக்கா," தெக்ளா கத்தினாள்.
"எங்க சண்டைய, மன்னிப்புக்கு உதாரணமா!
மன்னிச்சது யாருங்கறத மட்டும் மாத்திட்டாரு!"
ஒடிலியாவுக்குச் சிரிக்க நேரமில்லை.
ராத்திரி பதினொன்றுக்குச் சாவு வீட்டிலிருந்து போன் வந்திருக்கிறது,
பைக்கோடு அவர் போய்விட்டார்,
மகளின் காய்ச்சல் நூற்று மூன்று.
"வேற வேலைன்னா முதலாளிகிட்டப் போய்ச் சண்டை போடலாம்.
இங்க யாருகிட்டப் போறது?"

சந்தகை பிழிந்துகொண்டிருந்தோம்.
மாவுருண்டை சூடாக இருக்கும்போதே அழுத்த வேண்டும்,
ஆறினால் இறுகிவிடும், ஒருத்தி கையால் ஆகாது.
பெர்னதெத் என்னோடு பிடியைப் பிடித்திருந்தாள்.
"ரிப்போர்ட் வந்துருச்சு. மார்புல, இடது பக்கம்."
யாரும் கையை எடுக்கவில்லை. எடுக்க முடியாது.
இழை இழையாக விழுந்துகொண்டே இருந்தது.
"அவருகிட்ட இன்னும் சொல்லலே.
நாளைக்கு அவருக்கு மறையுரை இருக்கு."
அடுத்த உருண்டை.
"ஏக்கா, அந்தத் தாளைத்
திரும்ப வாங்க முடியுமா?
நான் போயிட்டா அவரு தனியாத்தானே கெடக்கணும்,
அதுக்குமில்ல நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

பதில் என்று எவளிடமும் ஒன்றுமில்லை.
தெக்ளா பாத்திரத்தை நகர்த்தி
சிஸ்டரின் தாளைத் திருப்பிப் போட்டாள்.
கரி வட்டம் பின்பக்கம்வரை ஊறியிருந்தது.
முதல் செவ்வாய் கோயம்புத்தூருக்குக் கூடப் போவது தெக்ளா,
அஞ்சே முக்கால் பஸ்.
ரெண்டாவது ஒடிலியா. மூணாவது நான், லீவு சொல்லிக்கொள்ளலாம்.
"நாலாவது அவரு," என்றாள் ஒடிலியா.
"இன்னிக்கு ராத்திரியே சொல்லிப்போடு.
மறையுரை கெட்டாக் கெட்டுப் போகுது."
அஞ்சாவது செவ்வாய் வந்தால் என்று நான் கேட்டேன்.
கேட்டிருக்க வேண்டாம்.

பெர்னதெத் தாளை மடித்து
ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள், இடது பக்கம்.
தேங்காய்ப்பாலை விரலால் தொட்டு நக்கிவிட்டு
தறிச்சத்தத்துக்கு மேலே குரலெடுத்தாள்.
அந்த நொடி கரண்ட் போனது.
பதினாறு தறியும் ஒன்றாக நிற்க,
"வெல்லம் பத்தலே!" என்று
தெரு முழுக்க அவள் குரல் மட்டும்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ரங்கநாயகி:
"இருங், கொண்டாரனுங்!"